மர முளை இணைப்பு: வீட்டுப் பட்டறைக்கு எந்தக் கருவி போதும்?

ஆணியோ ஸ்குரூவோ வெளியே தெரியாமல் இரண்டு பலகைகளைச் சேர்க்க, வீட்டில் மரவேலை பழகுபவருக்கு எட்டக்கூடிய எளிய வழி மர முளை. இரு பலகைகளிலும் நேருக்கு நேராகத் துளை போட்டு, உருண்டையான ஒரு சிறு மரத்துண்டைப் பசையோடு உள்ளே இறக்கி, இரண்டையும் சேர்த்து இறுக்கிவிட வேண்டும். ஹார்டுவேர் கடையில் இதை ‘டவல் பின்’ என்பார்கள். இணையத்தில் வெறும் ‘டவல்’ என்று தேடினால் குளியல் துண்டுதான் வரும். ‘வுடன் டவல் பின் 8 மி.மீ.’ என்று அளவோடு தேடுங்கள்.

நம் ஆசாரிகள் கதவுச் சட்டத்தில் அடிக்கும் மூங்கில் ஆணி வேறு. அங்கே ஒரு சட்டத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறக்கியிருப்பார்கள். மூங்கில் ஆணி அது கழன்று வராமல் குறுக்கே பூட்டுகிறது, அவ்வளவுதான். இங்கே நாக்கு கிடையாது. அந்த வேலையையும் முளையே செய்கிறது. அதனால்தான் துளை அரை மில்லிமீட்டர் விலகினாலும் இணைப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

துளை சரியாக விழ உதவும் கருவியை ஜிக் என்கிறோம். சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை பல வடிவங்களில் கிடைக்கிறது. ஆனால் எல்லா ஜிக்கும் செய்வது இரண்டே வேலை: துளையின் மையத்தைப் பலகையின் ஒரு முகத்திலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் வைப்பது, பிட் (டிரில்லில் மாட்டும் துளைக்கம்பி) சாயாமல் செங்குத்தாக இறங்கச் செய்வது. இந்த இரண்டையும் செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெட்டிக்குள் எத்தனை உதிரிகள் இருக்கின்றன என்பது முக்கியமில்லை.

முதல் செலவு ஜிக்குக்கு அல்ல

மரத்துக்கென்றே செய்த 8 மி.மீ. பிட் ஒன்றை முதலில் வாங்குங்கள். அதன் நுனியில், நடுவே கூர்மையான ஒரு முள் நிற்கும். வெட்டும் விளிம்பில் இரு ஓரங்களிலும் சிறு கத்திகள்போல முனைகள் இருக்கும். நடுமுள் மரத்தில் முதலில் பதிந்து பிட்டை நகராமல் பிடித்துக்கொள்ளும். ஓரக்கத்திகள் மரத்தின் நாரை வட்டமாக வெட்டிவிடுவதால் துளையின் வாய் பிய்யாது. வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் இரும்புக்கான பிட்டின் முனை கூம்பு வடிவம். மரம் எங்கே மென்மையாக இருக்கிறதோ அந்தப் பக்கம் அது வழுக்கிப் போகும். பலகையின் வெட்டுமுனையில் துளையிடும்போது கடினமான வளையமும் மென்மையான வளையமும் மாறிமாறி வருமல்லவா, அங்கேதான் இந்த வழுக்கல் மோசம். எவ்வளவு நல்ல ஜிக்கைக் கொடுத்தாலும் இந்தப் பிட் கெடுத்துவிடும். சுவருக்கான பிட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

8 மி.மீ. ஏன்? பலகைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை முளையின் விட்டம் இருக்கலாம் என்பது பழைய கணக்கு. 12 மி.மீ. பிளைவுட்டுக்கு 6, 18 மி.மீ.க்கு 8, 25 மி.மீ. மரச் சட்டத்துக்கு 8 அல்லது 10. வீட்டு அலமாரி, புத்தக அடுக்கு, முக்காலி இவற்றில் பெரும்பாலானவை 18 முதல் 25 மி.மீ.க்குள் அடங்கிவிடும். ஆகவே ஒரே ஒரு அளவில் தொடங்குங்கள். மூன்று அளவுக்கும் பிட், முளை, காலர் (துளையின் ஆழத்தைக் கட்டுப்படுத்தப் பிட்டில் மாட்டும் வளையம்) என்று வாங்கி வைப்பதைவிட, 8 மி.மீ.யில் கை பழகுவது நல்லது. முளையில் 30 மி.மீ. நீளம் பிளைவுட்டுக்கும், 40 மி.மீ. நீளம் சட்டங்களுக்கும் உதவும்.

அங்குலமும் மில்லிமீட்டரும் கலப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்கச் சந்தைக்கான சில ஜிக்குகளில் கால் அங்குலம், 5/16, 3/8 என்று அங்குலக் கணக்கில் துளைகள் இருக்கும். 5/16 என்றால் 7.94 மி.மீ.; 8-க்கு அருகில் வந்துவிடுகிறது. ஆனால் கால் அங்குலம் 6.35 மி.மீ. 6 மி.மீ. முளையை அதில் போட்டால் கடகடவென்று ஆடும். 3/8 அங்குலம் 9.53 மி.மீ.; 10 மி.மீ. முளை அதில் இறங்கவே இறங்காது, சுத்தியால் அடித்தால் பலகைதான் வெடிக்கும். பிட், ஜிக், முளை மூன்றும் ஒரே கணக்கில் இருக்கட்டும்.

முளை வாங்கும்போது நீளவாக்கில் வரிவரியாகக் கீறல் உள்ளதா என்று பாருங்கள். முளை இறங்கும்போது துளைக்குள் இருக்கும் காற்றும் மிகுந்த பசையும் வெளியேற அதுதான் வழி. வழவழப்பான முளை பிஸ்டன்போல வேலை செய்து பசையை அடியில் அழுத்தும். இணைப்பு முழுதாக மூடாது, அல்லது மெல்லிய பிளைவுட்டின் மறுபக்கம் புடைத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய வழவழப்பான உருட்டுக் குச்சியை வெட்டிப் பயன்படுத்துவதானால், ரம்பத்தின் பல்லால் நீளவாக்கில் இரண்டு மூன்று கோடுகள் கீறிவிட்டு, இரு முனைகளையும் உப்புத்தாளில் லேசாகக் கூம்பாக்குங்கள்.

நான்கு வழிகள்

மிக மலிவானது, மையமுள். ஒரு பக்கம் உருளையாகவும் மறுபக்கம் கூர்முள்ளாகவும் உள்ள சிறு உலோகக் குமிழ் இது. முதல் பலகையில் துளை போட்டு, குமிழைச் செருகி, இரண்டாவது பலகையைச் சரியான இடத்தில் வைத்து அழுத்தினால் முள் அங்கே ஒரு புள்ளி பதிக்கும். அந்தப் புள்ளியில் அடுத்த துளை. இடத்தை இது நன்றாகவே கடத்துகிறது, ஆனால் கோணத்தைக் கவனிக்காது. கையால் போட்ட துளை 3 டிகிரி சாய்ந்திருந்தால், 20 மி.மீ. ஆழத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகிப் போயிருக்கும். முளை இறங்கும், பலகை ஒட்டாது. அதனால் தனி ஜிக்காக இதை நம்ப வேண்டாம். துணைக்கருவியாக இதற்கு ஈடு இல்லை, கீழே சொல்கிறோம்.

இரண்டாவது, தானாக மையம் பிடிக்கும் ஜிக். இரண்டு தாடைகள், நடுவே ஒரு திருகு. திருகை முறுக்கும்போது இரு தாடைகளும் ஒரே அளவில் நகர்ந்து பலகையின் விளிம்பைக் கவ்வும். நடுவில் உள்ள எஃகு புஷ் (பிட் நேராக இறங்க வழிகாட்டும் சிறு குழாய்) பலகைத் தடிமனின் மையத்தில் வந்து நிற்கும். பெயரில்லாத பிராண்டுகளில் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்தே கிடைக்கிறது. பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மேசைப்பலகை ஆக்கவும், முக்காலி, நாற்காலி, கதவுச் சட்டம் போன்றவற்றுக்கும் இது அருமையான கருவி. ஒரு குறை மட்டும் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை: விளிம்பை மட்டுமே இது கவ்வும். அலமாரியின் பக்கப்பலகையில், நடுத்தட்டு வந்து சேரும் இடத்தில், பலகையின் பரந்த முகத்தில் துளை போட இதனால் முடியாது. அங்கேதான் மையமுள் வேண்டும். தட்டின் விளிம்பில் ஜிக்கால் துளை, அதில் மையமுள், பக்கப்பலகையில் புள்ளி, பிறகு துளைபோட்ட ஒரு கட்டையைத் துணைக்கு வைத்து நேராக டிரில்.

மூன்றாவது, ஒரு பக்கம் தடுப்புச் சட்டம் உள்ள ஜிக். ‘3 இன் 1’ என்ற பெயரில் இணையத்தில் விற்கும் அலுமினிய ஜிக்குகள் இந்த வகை. 6, 8, 10 மி.மீ. முளைக்கும், தொழிற்சாலை அலமாரிகளில் வரும் வட்டப் பூட்டுக்கான 15 மி.மீ. துளைக்கும் வழி இருக்கும். தடுப்பைப் பலகையின் முகத்தில் ஒட்டவைத்தால் அந்த முகத்திலிருந்து துளையின் தூரம் மாறாது. பலகையின் விளிம்பிலும், ஓரத்தை ஒட்டிய முகத்திலும் துளை போடலாம். பிளைவுட் அலமாரி செய்பவருக்கு முந்தைய வகையைவிட இது பொருந்தும். தடுப்பு நகராமல் இறுகுகிறதா, புஷ் எஃகா அல்லது வெறும் பிளாஸ்டிக் துளையா என்று பார்த்து வாங்குங்கள். பிட் உரசி உரசிப் பிளாஸ்டிக் துளை விரைவில் அகன்றுவிடும். அதன் பிறகு ஜிக் இருந்தும் இல்லாத கணக்கு.

நான்காவது, நீங்களே செய்வது. எங்களைக் கேட்டால் பிளைவுட் அலமாரிக்கு இதுவே முதல் தேர்வு. தேக்கோ வேங்கையோ, நன்கு காய்ந்த கெட்டி மரத்துண்டு ஒன்று: 80 மி.மீ. நீளம், 40 அகலம், 30 உயரம். பக்கத்து லேத் பட்டறையில், உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 12 மி.மீ., நீளம் 30 மி.மீ. என்று ஒரு எம்.எஸ். (சாதாரண மென்னெஃகு) புஷ் கடைந்து தரச் சொல்லுங்கள். உங்கள் பிட்டையே கையில் கொண்டுபோங்கள். ‘இந்தப் பிட் ஆடாமல் வழுக்கிப் போக வேண்டும்’ என்று சொன்னால் போதும், அளவு விளக்க வேண்டியதில்லை. மரக்கட்டையில் 12 மி.மீ. துளையையும் அவர்களுடைய ஸ்டாண்டு டிரில்லிலேயே போட்டு வாங்கிவிடுங்கள். கை டிரில்லில் போட்டால் ஜிக்கே சாய்ந்துவிடும். புஷ்ஷை எபாக்சி பசையில் பதித்து, கட்டையின் ஒரு பக்கத்தில் 12 மி.மீ. பிளைவுட் பட்டையை, கீழே 25 மி.மீ. தொங்கும்படி ஸ்குரூ செய்யுங்கள். அதுதான் தடுப்பு. தடுப்பின் உள்முகத்திலிருந்து துளையின் மையம் 9 மி.மீ. தொலைவில் இருந்தால் 18 மி.மீ. பலகைக்குப் பொருந்தும். சரியாக 9 வராமல் 9.3 ஆகிப்போனாலும் கவலையில்லை. இரு பலகையிலும் அதே 9.3 விழும். கடைசியாக, துளையின் மையத்துக்கு நேராகக் கட்டையின் வெளிப்பக்கத்தில் ஒரு கோடு கீறிவிடுங்கள்.

இவற்றுக்கு மேலே, ஒரே அழுத்தில் இரட்டைத் துளை போடும் மாஃபெல் டியோடவல், தட்டை முளைக்கான ஃபெஸ்டூல் டொமினோ போன்ற இயந்திரங்கள் உண்டு. அருமையான இயந்திரங்கள்தான். தினமும் அலமாரி செய்து விற்பவருக்கு அந்த விலை கட்டுப்படியாகும், வாரக்கடைசியில் பட்டறைக்குள் நுழைபவருக்கு ஆகாது.

ஒரே முகம்: மலிவான ஜிக்கும் சரியாக வேலை செய்யும் சூட்சுமம்

மலிவான மையம்பிடி ஜிக்கில் புஷ் பல சமயம் சரியாக மையத்தில் இருக்காது. 0.3 மி.மீ. ஒரு தாடையை ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாடைக்கு ‘அ’ என்று பெயர். முதல் பலகையின் மேல்முகம் ‘அ’ பக்கம் இருக்கும்படி கவ்வித் துளை போட்டால், துளை மேல்முகத்தை 0.3 மி.மீ. நெருங்கி விழும். இரண்டாவது பலகையின் மேல்முகத்தையும் ‘அ’ பக்கமே வைத்தால் அங்கும் அதே 0.3 நெருக்கம். இரண்டையும் சேர்த்தால் மேல்முகங்கள் சமமாக நிற்கும். ஜிக்கின் பிழை எங்கே போனது என்றே தெரியாது. அதையே இரண்டாவது பலகையில் திருப்பிக் கவ்விவிட்டால் பிழை இரட்டிப்பாகி 0.6 மி.மீ. படி விழும். விரலால் தடவினால் நகம் தட்டும். கெட்டி மரமென்றால் இழைப்புளியால் சீவிவிடலாம். பிளைவுட்டின் மேல்தகடோ அரை மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. சீவினால் உள்ளே இருக்கும் கட்டை தெரிந்துவிடும்.

ஆகவே ஜிக்கின் ஒரு தாடையில் மார்க்கரால் ‘மு’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு பலகையின் முகப்பக்கத்திலும் பென்சிலால் ஒரு ‘மு’. இரண்டும் எப்போதும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

பலகைத் தடிமன் வேறுபட்டாலும் இதே சிக்கல் வரும். 18 மி.மீ. என்று வாங்கிய பிளைவுட் அளந்தால் 17.5 இருக்கலாம், வேறு கடையில் வாங்கிய அடுத்த பலகை 18.1 இருக்கலாம். மையம்பிடி ஜிக் இரண்டிலும் அவரவர் மையத்தைத்தான் பிடிக்கும், ஆகவே இரு முகத்திலும் 0.3 மி.மீ. படி வரும். தடுப்புள்ள ஜிக் முகப்பக்கத்திலிருந்து அளப்பதால் முன்முகம் சமமாக வந்து, வித்தியாசம் முழுவதும் பின்பக்கம் போய்விடும். பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்?

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வீணான பலகைத் துண்டின் விளிம்பில் ஒரு துளை போடுங்கள். ஜிக்கைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டி, அதே துளைக்குள் பிட்டைக் கையால் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் மையம் சரி. விளிம்பில் முட்டினால் எவ்வளவு விலகல் என்று கண்ணுக்கே தெரியும். அதற்காக ஜிக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, ‘மு’ ஒழுங்கைக் கடைப்பிடித்தால் போதும். ஆனால் புஷ்ஷுக்குள் பிட் கடகடவென்று ஆடினாலோ, துளையில் முளையைச் செருகி மூலைமட்டம் வைத்துப் பார்க்கையில் முளை சாய்ந்து நின்றாலோ தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். சாய்வுக்கு வைத்தியம் கிடையாது.

ஒரு புத்தக அடுக்கின் மூலை

18 மி.மீ. பிளைவுட், 250 மி.மீ. ஆழமுள்ள அடுக்கு. மேல்தட்டு இரண்டு பக்கப்பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அவற்றின் தலையோடு சமமாக நிற்க வேண்டும். ஒரு மூலைக்கு 8×30 முளை மூன்று: முன் ஓரத்திலிருந்து 40, 125, 210 மி.மீ. இரண்டு பலகைகளையும் முன் ஓரம் ஒன்றாக இருக்கும்படி ஒட்டி வைத்து, மூலைமட்டத்தால் ஒரே இழுப்பில் மூன்று கோடுகள் போடுங்கள். தனித்தனியே டேப்பால் அளந்தால் எங்காவது அரை மில்லிமீட்டர் தவறும்.

30 மி.மீ. முளையில் 12 மி.மீ. பக்கப்பலகையின் முகத்துக்குள், மீதி 18 தட்டின் விளிம்புக்குள். துளையின் ஆழம் முகத்தில் 12, விளிம்பில் 20. கூடுதலான அந்த 2 மி.மீ. பசைக்கும் தூசுக்கும் இடம். அது இல்லாவிட்டால் முளை அடியில் முட்டி, பலகைகளுக்கிடையே மெல்லிய சந்து நிற்கும். எத்தனை கிளாம்ப் போட்டாலும் மூடாது. முகத்தில் 12-ஐத் தாண்டாதீர்கள். பிட்டின் நடுமுள் வெட்டுவிளிம்பைவிட 2, 3 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், 15 மி.மீ. ஆழம் போட்டால் அதன் நுனி வெளிப்பக்கம் எட்டிப்பார்க்கும்.

ஆழத்தைக் கட்டுப்படுத்தப் பிட்டில் மாட்டும் காலர் மலிவாகவே கிடைக்கும். ஜிக்கின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 30 மி.மீ. கட்டை, 12 மி.மீ. துளை என்றால் வெட்டுவிளிம்பிலிருந்து காலர் வரை 42; விளிம்புத் துளைக்கு 50. உயரமான ஜிக் வாங்கினால், டிரில்லின் சக்கில் (பிட்டைக் கவ்வும் வாய்) பிடித்தபின் பிட் போதுமான நீளம் வெளியே நிற்கிறதா என்று முன்னமே அளந்து பாருங்கள். காலரின் குட்டித் திருகு அதிர்வில் தளர்ந்து, காலர் மெல்ல மேலே நகரும். அதற்குக் காவலாகக் காலரின் மேல் ஓரத்தை ஒட்டிப் பிட்டில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். காலர் டேப்பின் மேல் ஏறினாலோ டேப் சுருண்டாலோ நிறுத்தி அளக்க வேண்டும் என்று பொருள்.

பக்கப்பலகையில் தடுப்பு அதன் தலைப்பக்க வெட்டுமுனையை ஒட்டியும், தட்டில் தடுப்பு அதன் மேல்முகத்தை ஒட்டியும் இருக்கட்டும். கட்டையின் கீறலைப் பென்சில் கோட்டோடு பொருத்தி, கிளாம்பால் இறுக்குங்கள். கையால் அமுக்கிப் பிடித்தால் பிட் மரத்தைத் தொட்ட நொடியில் கட்டை நகர்ந்துவிடும். டிரில்லைச் சுழல விட்ட பிறகே மரத்தைத் தொடுங்கள். 10 மி.மீ. இறங்கியதும் சுழன்றபடியே வெளியே இழுத்துத் தூளை உதறிவிட்டு மீண்டும் இறக்குங்கள். புஷ்ஷுக்குள் தூள் அடைத்துக்கொண்டால் பிட் சூடாகி, கருகல் வாடை வரும், துளையும் வளையும்.

பசை போடுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்ப்பது கட்டாயம். அதற்கென்று ஆறு முளைகளை உப்புத்தாளில் தேய்த்துச் சற்று மெலிதாக்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல முளையை உலர்வாகச் செருகினால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. பிளையரால் கடித்து இழுத்தால் அது நசுங்கிவிடும்.

முளை ஈரம் குடிக்கும் பொருள். மழைக்காலத்தில், அதுவும் கடலோர ஊர்களில், பையில் திறந்து கிடந்த முளை உப்பிப் போய் துளைக்குள் நுழைய மறுக்கும். வெயிலில் சில மணி நேரம் காயவைத்து, ஆறியபின் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். காய்ந்த முளையில் வேறொரு லாபமும் உண்டு: ஃபெவிகால் போன்ற நீர் கலந்த வெள்ளைப் பசையின் ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே விரிந்து, துளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த முளை கையால் அழுத்தினால் முக்கால்வாசி இறங்க வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. தானாக விழுந்தால் துளை பெரிது. ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால் பிளைவுட்டின் அடுக்குகள் பிளக்கும்.

பசையை முளையில் மட்டும் பூசினால் இறங்கும்போது துளையின் வாயே அதை வழித்து எடுத்துவிடும். ஈர்க்குச்சியால் துளையின் உட்சுவர் முழுவதும் மெல்லிதாகத் தடவுங்கள். துளையை நிரப்பிவிடக் கூடாது. சமையலறை, குளியலறை அருகே வைக்கும் சாமானுக்கு ஈரம் தாங்கும் மரைன் வகைப் பசை நல்லது. வெக்கையில் பசை சீக்கிரம் இறுகும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கிளாம்புகளைத் திறந்த வாயோடு பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் தட்டின் விளிம்பில் மூன்று முளைகளையும் இறக்கி, 12 மி.மீ. வெளியே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பக்கப்பலகையை அதன்மேல் பொருத்துங்கள். இறுக்கியதும் அடுக்கின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளக்க வேண்டும். ஒன்று நீண்டிருந்தால், அந்த நீண்ட மூலைவாட்டில் ஒரு கிளாம்பைப் போட்டு லேசாக முறுக்கினால் இரண்டும் சமத்துக்கு வரும். பசை இளகியிருக்கும் முதல் சில நிமிடங்களில்தான் இது முடியும். பிறகு இரவு முழுவதும் கிளாம்பிலேயே விட்டுவிடுங்கள்.